எத்தனால் கலக்காத பிரீமியம்: எந்தக் காருக்கு, எந்தப் பருவத்தில்?

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் எத்தனால் கலக்காத 91 ஆக்டேன் பெட்ரோல் விற்கும் பங்க்குகளில், அந்தக் குழாய்க்குப் பக்கத்தில் ஒரு சட்ட அறிவிப்பு ஒட்டியிருக்கும். சேகரிப்பு வாகனங்கள், அப்படிப் பதிவு செய்யத் தகுதியுள்ள வாகனங்கள், சாலைக்கு வெளியே ஓடும் வண்டிகள், மோட்டார் சைக்கிள்கள், படகுகள், பனிவண்டிகள், சிறு இன்ஜின்கள் ஆகியவற்றுக்கு மட்டுமே இந்தப் பெட்ரோல் என்று அதில் எழுதியிருக்கும். இருபது வயதைக் கடந்த காருக்கு அங்கே சேகரிப்பு வாகனமாகும் தகுதி உண்டு. பழைய கார்களுக்காகச் சட்டமே ஒரு குழாயை ஒதுக்கி வைத்திருக்கிறது.

எத்தனால் கலந்த பெட்ரோலை மாநிலம் முழுவதும் கட்டாயமாக்கிய முதல் அமெரிக்க மாநிலமும் இதே மின்னசோட்டாதான். 1997-லிருந்து அந்த விதி அமலில் இருக்கிறது. மக்காச்சோளம் விளையும் மண் அது; எத்தனால் ஆலைகள் அங்கே விவசாயிகளின் சந்தை. அதே மண்ணில்தான் ஒவ்வொரு ஜூன் மாதமும் செயின்ட் பால் நகரக் கண்காட்சித் திடலில் 1964-ஆம் ஆண்டு வரையிலான கார்கள் ஆயிரக்கணக்கில் திரளும் ‘பேக் டு த ஃபிஃப்டீஸ்’ விழாவும் நடக்கிறது. விவசாயியையும் விடவில்லை, பழைய கார்க்காரரையும் விடவில்லை அந்தச் சட்டம். அது ஒரு நல்ல சட்டம். எந்த வண்டிக்கு எந்தப் பெட்ரோல் என்ற கேள்வியை அது நேராகச் சந்தித்திருக்கிறது.

அந்தக் கேள்வியைப் பழைய வேகக் கார்களை வைத்து விரிவாகப் பார்ப்பதே இந்த அத்தியாயம். 1960-களின் அமெரிக்க ‘மசில்’ கார்கள், 1970, 80-களின் ஏர்-கூல்ட் போர்ஷே, 1988 முதல் 91 வரை அமெரிக்காவில் விற்ற முதல் தலைமுறை பிஎம்டபிள்யூ எம்3, 1987-இன் பியூக் கிராண்ட் நேஷனல், 1993-95 மாஸ்டா ஆர்எக்ஸ்-7 போன்றவை இதில் அடங்கும். இவற்றின் உரிமையாளர்கள் ‘எத்தனால் இல்லாதது’, ‘பிரீமியம்’ என்ற இரண்டையும் ஒரே பொருளாக நினைத்துவிடுவது உண்டு. இரண்டும் வெவ்வேறு. முதலாவது பெட்ரோலில் என்ன கலந்திருக்கிறது என்பது. இரண்டாவது அந்தப் பெட்ரோல் எவ்வளவு அழுத்தத்தையும் சூட்டையும் தாங்கும் என்பது. தேர்வு செய்யும்போது ஆக்டேன் முன்னால் வர வேண்டும், எத்தனால் அடுத்து.

காரணம் எளியது. ஆக்டேன் போதாத பெட்ரோலில் இன்ஜின் தட்டும். சிலிண்டருக்குள் ஸ்பார்க் பிளக் பற்றவைத்த தீ பரவி முடிப்பதற்குள், மூலையில் மிச்சமிருக்கும் கலவை அழுத்தத்தில் தானாகவே வெடிப்பதுதான் அந்தத் தட்டல்; மெக்கானிக்குகள் நாக்கிங் என்பார்கள். முழு ஆக்ஸிலரேட்டரில் அது தொடர்ந்தால் சில நிமிடங்களில்கூட பிஸ்டன் உடையலாம், ஹெட் கேஸ்கட் போகலாம். ஆர்எக்ஸ்-7 காரின் இரட்டை டர்போ ரோட்டரி இன்ஜினில் ரோட்டர் முனையில் இருக்கும் ஏபெக்ஸ் சீல் ஒரே ஒரு கடுமையான தட்டலில் விரிசல் விடக்கூடும். பிறகு இன்ஜினை முழுதாகப் பிரிக்க வேண்டியதுதான். எத்தனால் செய்யும் கெடுதல் அப்படியல்ல. அது மாதக்கணக்கில், வருடக்கணக்கில், ரப்பரிலும் உலோகத்திலும் மெதுவாக நடப்பது. நிமிடத்தில் வரும் ஆபத்தை முதலில் அடைத்துவிட்டுத்தான் வருடத்தில் வரும் ஆபத்தைப் பார்க்க வேண்டும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு: எத்தனாலே நல்ல ஆக்டேன் கொண்ட பொருள். அதன் ஆய்வக ஆக்டேன் எண் 108 வாக்கில் இருக்கும். அமெரிக்காவின் சாதாரண 87 ஆக்டேன் பெட்ரோல், பெரும்பாலும் 84 ஆக்டேன் அடிப்படைப் பெட்ரோலில் 10 சதவீதம் எத்தனால் சேர்த்துத்தான் உருவாகிறது. ஆகவே எத்தனாலை எடுத்துவிட்டு அதே ஆக்டேனைக் கொண்டுவர, சுத்திகரிப்பு ஆலை விலை கூடிய பெட்ரோல் கூறுகளைப் போட வேண்டியிருக்கிறது. பல இடங்களில் எத்தனால் இல்லாத பெட்ரோல் 90, 91-க்கு மேல் கிடைக்காததற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஃபுளோரிடாவில் படகுக்காரர்களுக்காகப் பரவலாக விற்கும் ‘ரெக் 90’ இதற்கு நல்ல உதாரணம். அது எத்தனால் இல்லாதது. ஆனால் வேகக் காருக்குரிய பிரீமியம் அல்ல. 93 கேட்கும் டர்போ இன்ஜினில் ‘சுத்தமான பெட்ரோல்’ என்ற நம்பிக்கையில் அதை ஊற்றி விரட்டினால், எத்தனாலிடமிருந்து காப்பாற்றிய இன்ஜினைத் தட்டலிடம் ஒப்படைத்த கதைதான்.

பழைய கையேட்டில் இருக்கும் எண்ணைப் படிக்கவும் கொஞ்சம் கவனம் வேண்டும். இன்றைய அமெரிக்க பங்க்கில் மஞ்சள் சதுரத்தில் தெரியும் எண், ஆய்வக ஆக்டேன், மோட்டார் ஆக்டேன் இரண்டின் சராசரி. எண்ணுக்குப் பக்கத்தில் ‘(ஆர்+எம்)/2’ என்ற முறையும் அச்சிட்டிருக்கும். 1970-களில்தான் இந்தச் சராசரி பங்க்குகளுக்கு வந்தது. அதற்கு முந்தைய அமெரிக்கக் கையேடுகளும், ஐரோப்பிய, ஜப்பானியக் கையேடுகளும் பெரும்பாலும் ஆய்வக எண்ணையே, அதாவது ஆர்.ஓ.என். அளவையே சொல்கின்றன. அது சராசரியைவிட நான்கைந்து புள்ளி கூடுதலாக இருக்கும். ஜெர்மன் கையேடு 95 என்று கேட்டால் அமெரிக்க 91 போதும். 98 என்று கேட்டால் 93 தேவை. இந்திய பங்க்குகளில் காட்டுவதும் ஆய்வக எண்தான். சென்னையில் 100 ஆக்டேன் பெட்ரோல் போட்டுப் பழகியவர் அமெரிக்காவில் 93-ஐப் பார்த்து அது மட்டமான சரக்கு என்று எண்ண வேண்டியதில்லை. இடைவெளி எண்கள் காட்டும் அளவுக்குப் பெரியதல்ல.

ஆனால் 1960-களின் உயர் கம்ப்ரஷன் இன்ஜின்களுக்கு இந்தக் கணக்கு ஆறுதல் தராது. 1965-இன் போன்டியாக் ஜிடிஓ 389 இன்ஜினின் கம்ப்ரஷன் விகிதம் 10.75. 1970-இன் ஷெவெல் எஸ்எஸ் காரின் எல்எஸ்6 454 இன்ஜினில் அது 11.25. அன்றைய ஈயம் கலந்த பிரீமியம் ஆய்வக எண்ணில் 100-ஐ ஒட்டி இருந்தது. இன்றைய பங்க் கணக்கில் 95, 96. அப்படியொரு பெட்ரோல் இன்று வழக்கமான பங்க்கில் இல்லை. கிழக்குக் கடற்கரை மாநிலங்களில் 93 கிடைக்கும். கலிஃபோர்னியாவிலும் மத்திய மேற்கின் பல பகுதிகளிலும் பிரீமியம் என்றால் 91. ஜெனரல் மோட்டார்ஸ் 1971-லேயே தன் இன்ஜின்களின் கம்ப்ரஷனைக் குறைத்துவிட்டதால், அதற்குப் பிந்தைய கார்கள் பலவும் 91-இல் நிம்மதியாக ஓடும். அதற்கு முந்தைய உயர் கம்ப்ரஷன் கார் வைத்திருப்பவருக்கு இரண்டு வழிகள் இருக்கின்றன: இக்னிஷன் டைமிங்கைச் சில டிகிரி பின்னுக்கு வைப்பது, அல்லது ரேஸ் பெட்ரோல் கலப்பது. மூன்று பங்கு எத்தனால் இல்லாத 91-உடன் ஒரு பங்கு 100 ஆக்டேன் ஈயமற்ற ரேஸ் பெட்ரோல் கலந்தால் சுமார் 93 வரும். சரிபாதி கலந்தால் 95-ஐ ஒட்டி வரும். விழாவுக்கோ பந்தயத் திடலுக்கோ போகும் நாளுக்கு இது கட்டுப்படியாகும். ரேஸ் பெட்ரோல் என்ற பெயரே எத்தனால் இல்லை என்பதற்கு உத்தரவாதம் அல்ல. சில வகைகளில் அது சேர்ந்தே வருகிறது. தயாரிப்பாளரின் விவரத்தாளைப் படித்துவிட்டே வாங்க வேண்டும்.

ஆக்டேன் கூட்டும் குப்பி மருந்துகள் பற்றி இங்கே ஒரு எச்சரிக்கை. ‘நாலு பாயிண்ட் ஏறும்’ என்று குப்பியில் இருந்தால் அது பெரும்பாலும் 0.4 தான். அந்த வியாபாரத்தில் பத்து பாயிண்ட் சேர்ந்தால்தான் ஒரு ஆக்டேன். விமான நிலையத்து 100எல்எல் பெட்ரோலைத் தேடிப் போவதும் வேண்டாம். அதில் எத்தனால் இல்லை என்பது உண்மை. ஆனால் லிட்டருக்கு 0.56 கிராம் வரை ஈயம் இருக்கலாம். கேட்டலிடிக் கன்வெர்ட்டரும் ஆக்ஸிஜன் சென்சாரும் உள்ள காரில் ஊற்றினால் அவை இரண்டும் பாழாகும். சாலையில் ஓடும் காருக்கு ஈயப் பெட்ரோல் 1996 ஜனவரி முதல் அமெரிக்காவில் சட்டவிரோதம்.

எத்தனால் பழைய காரில் என்ன செய்கிறது

2005-இன் எரிசக்திச் சட்டமும் 2007-இன் திருத்தமும் அமெரிக்கப் பெட்ரோலில் எத்தனாலைப் பெருமளவு கொண்டுவந்தன. நிலத்தடி நீரைக் கெடுத்த எம்டிபிஇ என்ற கலவைப் பொருளை ஆலைகள் அதே காலத்தில் கைவிட்டதும் இதை விரைவுபடுத்தியது. 2010-ஐ ஒட்டி நாடு முழுவதும் 10 சதவீதக் கலப்பான இ10 வழக்கமாகிவிட்டது. 2011-இல் 15 சதவீதக் கலப்பான இ15-க்கும் அனுமதி வந்தது. ஆனால் 2001-ஆம் ஆண்டு மாடலுக்கு முந்தைய கார்களில் அதைப் போடக் கூடாது என்று அரசே தடுத்திருக்கிறது. பல பங்க்குகளில் இ15 ‘அன்லெடட் 88’ என்ற பெயரில், 87-ஐவிட மலிவாகவே கிடைக்கும். விலையைப் பார்த்துக் கை அங்கே போய்விடக் கூடாது.

இ10-க்கு முன்பு வடிவமைத்த காரில் முதலில் அடிபடுவது ரப்பர். பழைய பெட்ரோல் ஹோஸ், ஓ-ரிங், கார்புரேட்டரின் ஆக்ஸிலரேட்டர் பம்ப் டயாஃப்ரம் எல்லாம் எத்தனாலில் ஊறி உப்பும், இளகும், பிறகு வெடிக்கும். உள்பக்கம் உதிர்ந்த ரப்பர் துணுக்கு கார்புரேட்டரின் ஜெட்டை அடைக்கும். வெளிப்பக்கம் கசிந்தால் சூடான எக்ஸாஸ்ட்டின்மேல் பெட்ரோல் சொட்டும். பழைய கார்கள் தீப்பிடிக்கும் வழிகளில் இது முக்கியமானது. அடுத்தது உலோகம். ஈயமும் தகரமும் பூசிய பழைய எஃகு டேங்க், துத்தநாகக் கலவையில் வார்த்த கார்புரேட்டர், பித்தளை மிதவையின் ஈயப் பற்றவைப்பு ஆகியவற்றை ஈரம் சேர்ந்த எத்தனால் அரிக்கும்.

1980-களின் கடைசியிலும் 90-களின் தொடக்கத்திலும் வந்த ஷெவ்ரலே கார்வெட் ஒரு தனி அத்தியாயத்துக்கே உரியது. அந்தக் காலத்து மல்டெக் இன்ஜெக்டரில் மின்சுருளைச் சுற்றியே பெட்ரோல் ஓடும். எத்தனால் கலந்த பெட்ரோல் சுருளின்மேல் உள்ள காப்புப் பூச்சை மெல்ல அரித்து, மின்தடையைக் குறைத்துவிடுகிறது என்பது இசட்ஆர்-1 போன்ற கார்வெட்களைப் பராமரிக்கும் ஒர்க் ஷாப்புகளின் நெடுநாள் அனுபவம். அவர்கள் செய்யும் சோதனை எளிது. ஓம் மீட்டரை வைத்து எல்லா இன்ஜெக்டர்களையும், குளிர்ந்திருக்கும்போது ஒரு தடவை, சூடானபின் ஒரு தடவை அளப்பார்கள். மற்றவற்றைவிட இறங்கி நிற்பது கெட்டுக்கொண்டிருப்பது. இந்தக் காரில் அசல் இன்ஜெக்டர்கள் இன்னும் இருந்தால், எத்தனால் இல்லாத 91 கிடைக்கும் இடத்தில் வேறு எதையும் யோசிக்கவே வேண்டாம். புதிய வடிவ இன்ஜெக்டர் மாற்றியாகிவிட்டது என்றால் அவசரம் அவ்வளவு இல்லை.

கலவையின் கணக்கும் மாறுகிறது. சுத்தமான பெட்ரோல் ஒரு பங்கு முழுதாக எரிய 14.7 பங்கு காற்று வேண்டும், இ10-க்கு 14.1 போதும். ஆக்ஸிஜன் சென்சார் உள்ள இன்ஜெக்ஷன் கார் இதைத் தானே சரிசெய்துகொள்ளும். கார்புரேட்டர் காருக்கு அந்த அறிவு கிடையாது. ஜெட் எவ்வளவு விடுகிறதோ அவ்வளவுதான். இ10 ஊற்றினால் கலவை நான்கு சதவீதம் வாக்கில் பெட்ரோல் குறைந்ததாகிவிடும்; ஐட்லிங்கில் தடுமாறும், சூடு ஏறும். எத்தனால் இல்லாத பெட்ரோலுக்குத் திரும்பினால் இன்ஜின் தன் இயல்புக்கு வந்துவிடும். ஆனால் முந்தைய உரிமையாளர் இ10-க்காகவே பெரிய ஜெட் போட்டிருந்தால், இப்போது கலவை எதிர்ப்பக்கம் போய் பிளக் கறுக்கும். பெட்ரோலை மாற்றிய இரண்டு மூன்று டேங்க்குக்குப் பிறகு பிளக்குகளைக் கழற்றி நிறம் பார்ப்பது அவசியம். கோடையில் இன்னொரு தொல்லை: எத்தனால் சேரும்போது பெட்ரோல் எளிதில் ஆவியாகும். சூடான இன்ஜினை நிறுத்திவிட்டு காபி குடித்துத் திரும்பினால், கார்புரேட்டரில் பெட்ரோல் கொதித்து வழிந்து, கார் ஸ்டார்ட் ஆக மறுக்கும்.

நீரைப் பற்றிய பயம்தான் அதிகம் பேசப்படுவது. இ10 பெட்ரோல் 15 டிகிரி செல்சியஸில் சுமார் அரை சதவீதம் நீரைத் தனக்குள் கரைத்து வைத்துக்கொள்ளும். 75 லிட்டர் டேங்க்கில் அது கிட்டத்தட்ட 375 மில்லிலிட்டர். அதைத் தாண்டினாலோ, குளிர் ஏறி அந்தத் தாங்கும் அளவு குறைந்தாலோ, நீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து டேங்க்கின் அடியில் தங்கிவிடும். மேலே நிற்கும் பெட்ரோல் எத்தனாலை இழந்ததால் இரண்டு மூன்று ஆக்டேனும் இழந்திருக்கும். இன்ஜின் முதலில் உறிஞ்சுவதோ அடியில் உள்ள நீர்க்கலவையை. படகுகளில் இது அடிக்கடி நடக்கிறது. மூடி ஒழுங்காக இறுகும் காரில், காற்றின் ஈரம் மட்டும் சேர்ந்து இந்த அளவை எட்டுவது அரிது. காரில் உண்மையில் அதிகம் பார்ப்பது வேறு: மாதக்கணக்கில் நின்ற கார்புரேட்டரில் பெட்ரோல் ஆவியாகி, மிச்சம் பிசினாக இறுகி, வெண்பச்சை அரிப்போடு ஜெட்டில் ஒட்டியிருப்பது. கார் எவ்வளவு நாள் அசையாமல் நிற்கிறது என்பதுதான் இந்த விஷயம் முழுவதற்கும் அச்சாணி.

மின்னசோட்டாவில் சாலையில் உப்புக் கொட்டத் தொடங்கியதும் பழைய கார்கள் கொட்டகைக்குள் போய்விடும். பெரும்பாலானவை ஏப்ரல் மழை சாலையைக் கழுவிய பிறகே வெளியே வரும். ஐந்து ஆறு மாதம் ஒரே பெட்ரோல் டேங்க்கில் கிடக்கிறது. எத்தனால் இல்லாத பிரீமியம் தன் விலைக்கு முழு மதிப்பைத் தருவது இங்கேதான். டெக்சஸில் வாரம் இரண்டு டேங்க் எரிக்கும் கிராண்ட் நேஷனல், புதிய ஹோஸ் போட்டதாக இருந்தால், அதற்கு இ10 கலந்த 93 தான் சிறந்த பெட்ரோல். அதன் டர்போ இன்ஜினுக்கு எத்தனாலின் ஆக்டேனும் ஆவியாகும்போது அது தரும் குளிர்ச்சியும் நன்மையே. அந்தக் காரின் நாக் சென்சார் தட்டலைக் கேட்டு டைமிங்கைப் பின்னுக்கு இழுக்கும். 91-இல் ஓட்டினால் உடையாது, ஆனால் பாய்ச்சல் மங்கும். முதல் எம்3-இல் நாக் சென்சாரே இல்லை, கம்ப்ரஷனோ 10.5. அதில் ஓட்டுநரின் காதுதான் சென்சார். எத்தனால் இல்லாத 91 அல்லது கலந்த 93, எதுவானாலும் சரி. 91-க்குக் கீழே இறங்கவே கூடாது.

விலையைப் பற்றியும் ஒளிவில்லாமல் சொல்ல வேண்டும். எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு. இ10-இல் அந்தக் குறைவு மூன்று சதவீதமாகத் தெரியும். எத்தனால் இல்லாத பெட்ரோல் மைலேஜில் திருப்பித் தருவதும் அந்த மூன்று சதவீதமே. பங்க்கில் கொடுக்கும் கூடுதல் விலை பெரும்பாலும் அதைவிடப் பல மடங்கு. மைலேஜுக்காக இதை வாங்குவது நஷ்டம். கார்புரேட்டரைப் பிரித்துச் சுத்தம் செய்யும் கூலியையும், இன்று கிடைக்காத அசல் இன்ஜெக்டரின் அருமையையும் நினைத்து வாங்குவது லாபம்.

பங்க்கைத் தேர்ந்தெடுப்பது

நல்ல பெட்ரோலைவிட நல்ல பங்க்கைக் கண்டுபிடிப்பது கடினம். விஸ்கான்சின், மின்னசோட்டா வட்டாரத்தில் க்விக் டிரிப் பங்க்குகள் பலவற்றில் எத்தனால் இல்லாத 91 கிடைக்கிறது. ஓடும் சரக்கு, தனிக் குழாய். கலிஃபோர்னியாவிலும் சிகாகோ போன்ற பெருநகரப் பகுதிகளிலும் தேடி அலுத்துப்போகலாம். கிராமப்புறப் பங்க்கில் ‘எத்தனால் இல்லை’ என்ற பலகை தொங்கினால், உடனே மகிழ்ந்துவிடாமல் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: இந்த டேங்க்குக்கு லாரி கடைசியாக எப்போது வந்தது? மாதக்கணக்கில் விற்காமல் கிடந்த எத்தனால் இல்லாத பெட்ரோலைவிட, நேற்று வந்திறங்கிய இ10 பிரீமியம் மேல். ஏரிக்கரையில், படகுத் துறைக்குப் பக்கத்தில் இருக்கும் பங்க்குகளில் கோடையில் சரக்கு வேகமாக நகரும், குளிர்காலத்தில் நகராது.

குழாயையும் பார்க்க வேண்டும். எல்லா ரகத்துக்கும் ஒரே ஹோஸ் வைத்திருக்கும் பம்பில், முந்தையவர் போட்ட இ10-இன் மிச்சம் முதலில் வரும். காருக்குப் பெரிய கெடுதல் இல்லை. ஆனால் ஐந்து லிட்டர் கேனில் பிடித்து ஆய்வு செய்ய நினைத்தால் முடிவு தவறிவிடும். எத்தனால் இல்லாததற்குத் தனி ஹோஸ் இருக்கும் பங்க்குதான் விரும்பத்தக்கது. இன்ஜின் சுத்தமாக இருக்க உதவும் டிடெர்ஜென்ட் அளவுக்கு ‘டாப் டியர்’ என்ற முத்திரை ஒரு வழிகாட்டி. 2004-இல் பிஎம்டபிள்யூ, ஜெனரல் மோட்டார்ஸ், ஹோண்டா, டொயோட்டா ஆகிய நிறுவனங்கள் சேர்ந்து தொடங்கியது அது. சிறு விற்பனையாளர்களின் எத்தனால் இல்லாத பெட்ரோலுக்கு அந்த முத்திரை இல்லாமலிருக்கலாம். அப்போது வருடம் ஒருமுறை நல்ல இன்ஜெக்டர் கிளீனர் சேர்த்தால் போதுமானது.

எல்லா மாநிலங்களும் எத்தனால் லேபிளைக் கட்டாயமாக்கவில்லை. சந்தேகம் வந்தால் வீட்டிலேயே சோதிக்கலாம். கோடு போட்ட 100 மில்லிலிட்டர் கண்ணாடிக் குழலில் 10 மில்லிலிட்டர் தண்ணீர் ஊற்றி, 90 மில்லிலிட்டர் பெட்ரோல் சேர்த்து, மூடி, குலுக்கி, பத்து நிமிடம் நிறுத்தி வைத்தால் இரண்டும் பிரியும். அடியில் நீரின் மட்டம் 10-லேயே நின்றால் எத்தனால் இல்லை. 18, 19-க்கு ஏறியிருந்தால் அது இ10. எத்தனால் பெட்ரோலை விட்டு நீருக்குள் இறங்கியிருக்கிறது. திறந்த வெளியில், தீயோ சுவிட்சோ பக்கத்தில் இல்லாத இடத்தில், கையுறை போட்டுக்கொண்டு செய்ய வேண்டிய வேலை இது. புதிய பங்க் ஒன்றிலிருந்து முதல் முறை வாங்கும்போது மட்டும் செய்தாலே பெரும் நிம்மதி.

பெட்ரோலைத் தேடி ஊர் சுற்றுவதற்கு முன் ஹோஸை மாற்றிவிட வேண்டும். எத்தனால் இல்லாத பெட்ரோலையே போடும் தீர்மானம் இருந்தாலும் இதில் விலக்கு வேண்டாம். என்றாவது ஒரு நாள் நெடுஞ்சாலையில் இ10 ஊற்றத்தான் நேரும். ஹோஸின்மேல் அச்சிட்டிருக்கும் எஸ்.ஏ.இ. ஜே30 தர எண்ணைப் படிக்க வேண்டும். ஃபியூல் இன்ஜெக்ஷனுக்கு ஆர்9 வேண்டும். கார்புரேட்டர் காரின் தாழ்ந்த அழுத்தத்துக்கு ஆர்14 நல்லது, அது ஆவியையும் அதிகம் கசிய விடாது. எழுத்து மங்கி எதுவும் தெரியாத ஹோஸ் என்றால் அதன் வயதுக்கு வேறு சாட்சி வேண்டாம். பல வருடம் இ10 குடித்த கார் எத்தனால் இல்லாததற்கு மாறும்போதும் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். எத்தனாலில் உப்பியிருந்த பழைய ஓ-ரிங் இப்போது சுருங்கி, இதுவரை இல்லாத இடத்தில் கசிவு காட்டலாம். மாறிய முதல் வாரம், ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் பானெட்டைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்து, மூக்கையும் நம்ப வேண்டும்.

1970-களுக்கு முந்தைய கார் வைத்திருப்பவர் நினைவில் கொள்ள வேண்டியது இன்னும் ஒன்று உண்டு. எத்தனால் இல்லை என்பதால் அது பழைய ஈயப் பெட்ரோல் ஆகிவிடாது. கடினப்படுத்தாத வால்வு சீட் உள்ள இன்ஜினை நெடுஞ்சாலையில் நீண்ட நேரம் விரட்டினால் சீட் தேயும்; ஹெட்டைப் பிரிக்கும் அடுத்த சந்தர்ப்பத்தில் கடினமான சீட் பதித்துக்கொள்வதுதான் அதற்குத் தீர்வு.

பயணத்தில் எல்லாக் கணக்கும் சற்றுத் தளரும். செயின்ட் பாலிலிருந்து எத்தனால் இல்லாத 91-உடன் கிளம்பும் ஜிடிஓ, இலினாய் தாண்டும்போது இ10 பிரீமியம்தான் குடிக்கும். அதனால் எதுவும் ஆகாது. ஓடிக்கொண்டிருக்கும் காரில் பெட்ரோல் நிற்பதில்லை. அரை டேங்க் இ10-இன்மேல் எத்தனால் இல்லாததை ஊற்றினால் எத்தனால் பாதியாகும். கூடவே நீரைத் தாங்கும் திறனும் பாதியாகும் என்பதால், ஈரம் பட்டதாகச் சந்தேகம் உள்ள டேங்க்கில் இப்படிக் கலக்காமல், முடிந்தவரை ஓட்டித் தீர்த்துவிட்டே ரகத்தை மாற்ற வேண்டும். திரும்பும் வழியில், பருவத்தின் கடைசி ஓட்டத்துக்கு முன்பே இ10-ஐக் கால் டேங்க்குக்குக் கீழே எரித்துவிட்டு, எத்தனால் இல்லாத பிரீமியத்தைக் கழுத்துக்குச் சற்றுக் கீழே வரை நிரப்பி, பெட்ரோல் கெடாமல் காக்கும் ஸ்டெபிலைசரை அந்த பங்க்கிலேயே ஊற்ற வேண்டும். பிறகு குறைந்தது இருபது கிலோமீட்டராவது ஓட்டினால்தான் அந்தக் கலவை கார்புரேட்டர் வரைக்கும், இன்ஜெக்டர் வரைக்கும் போய்ச் சேரும். கொட்டகையில் நிறுத்திய பிறகு டேங்க்கில் மட்டும் ஊற்றினால், பழைய இ10 அப்படியே ஏப்ரல் வரை கார்புரேட்டரில் கிடக்கும்.